போலி ரோலெக்ஸ் வேண்டாம், மூவ்மென்ட் எண்ணைப் பாருங்கள்

ரோலெக்ஸ் சப்மரைனர் மாதிரி ஒரு வாட்ச் கட்ட ஆசை, ஆனால் விலை எட்டாது என்றால், ரோலெக்ஸ் பெயர் போட்ட போலியை வாங்காமல், அதே சாயலில் தன் சொந்தப் பெயரோடு வரும் ‘ஹோமேஜ்’ வாட்சை வாங்குங்கள். அதிலும் உள்ளே இருக்கும் மூவ்மென்ட், அதாவது வாட்சை ஓட்டும் இயந்திரம், செய்கோ என்எச்35 அல்லது மியோட்டா 8215 என்று எண்ணோடு குறிப்பிட்டிருந்தால் மட்டும்.

போலி நின்றுபோனால் ரோலெக்ஸ் சர்வீஸ் சென்டரில் கையிலேயே எடுக்க மாட்டார்கள், சுங்கத்தில் பிடித்தால் பொருளும் போய்விடும். என்எச்35 பல கம்பெனிகள் வாங்கிப் பொருத்தும் பொதுவான மூவ்மென்ட் என்பதால் வாட்ச் ரிப்பேர் செய்பவருக்குப் பழக்கமான ஒன்று; பிரித்துச் சரிசெய்யக் கூலி அதிகமானால் அதை முழுசாகவே கழற்றிப் புதிதாக மாற்றிவிடலாம், கேஸும் டயலும் அப்படியே இருக்கும். முழுதாகச் சாவி கொடுத்தால் சுமார் 41 மணி நேரம் ஓடும், அதனால் ஒரு நாள் கட்டாமல் வைத்தாலும் நிற்காது.

வெறுமனே ‘ஜப்பான் ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் போட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, எந்த மூவ்மென்ட் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்புறம், நேரம் துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது: என்எச்35-க்கு ஒரு நாளில் 20 நொடி பின்தங்குவதும் 40 நொடி முந்துவதும் அனுமதிக்கப்பட்ட அளவுதான். அவர்கள் பேட்டரியில் ஓடும் நல்ல குவார்ட்ஸ் வாட்சாகப் பார்த்து வாங்கலாம்.