கை மரத்துப்போனதற்குக் காரணம் ஹேண்டில்பாரில் இல்லை

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பைக்கில் வேலைக்குப் போகிறேன். சேரன்மகாதேவி வருவதற்குள் வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். அந்த இரண்டு விரலுக்கும் போகும் அல்நார் நரம்பு உள்ளங்கை ஓரத்தில், ஹேண்டில்பார் அதிர்வில் அழுந்துவதால் வருவது அது.

தடித்த கையுறை போட்டேன். பிடி தடித்ததால் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாகி, மரப்பு கூடியது. டயர் காற்று சரியாகத்தான் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) மாற்றினார்கள், காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டித்தான் கண்ணாடி அதிர்ந்து, பின்னால் வரும் பஸ் அதில் இரண்டாகத் தெரிகிறது. அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டால் அதிர்வு இல்லை. நிறுத்தி நியூட்ரலில் முறுக்கினால் திரும்ப வருகிறது. சரி, சக்கரம் இல்லை, எஞ்சின்தான்.

எஞ்சினை ஃபிரேமோடு பிடிக்கும் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே ஒன்றின் வாஷரைச் சுற்றி மட்டும் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள். மழையில் பிடித்த துரு என்று யாரும் விட்டுவிடுவார்கள். அந்தத் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். இது விரலில் மாவாக வந்தது. இரும்போடு இரும்பு நுணுக்கமாக உரசினால்தான் இப்படி உதிரும். கையால் அசைத்தால் போல்ட் அசையவே இல்லை, ஸ்பேனர் வைத்ததும் இன்னும் ஏறியது, அதாவது தளர்ந்திருந்தது.

எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, எல்லா மவுண்டிங் போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, எஞ்சின் ஒழுங்காக உட்கார்ந்தபின் புது நட்டுகள் போட்டு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கினேன். பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும். அன்றோடு மரப்பு நின்றது, பெரிய நிம்மதி. கொஞ்ச நாள் ஓடியபின் அந்த வாஷரை மறுபடி துடைத்துப் பாருங்கள், தூள் வரக்கூடாது.