பாட்டாவின் ட்ரங்குப் பெட்டி: பழைய கடிதங்களைக் காப்பகத்துக்குக் கொடுக்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது தட்டின் மேலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே பாட்டாவுக்கு (தாத்தாவுக்கு) கொழும்பிலிருந்தும் ஊர்ப்பக்கமிருந்தும் வந்த கடிதங்கள், ஒற்றிப் பத்திரங்கள் (நில அடமானப் பத்திரங்கள்), வரி ரசீதுகள். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. அடுக்காதீர்கள். கை துறுதுறுக்கும். ஆனாலும் எந்தக் கட்டுக்குள் எது கிடந்ததோ, அப்படியே கிடக்கட்டும். ஒற்றிப் பத்திரத்தோடு சேர்த்து ஒரு கடிதம் கட்டியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். முதலில் போனில் படம் எடுங்கள், கட்டுக்கு ஒரு எண் கொடுங்கள். எண்ணை 2பி பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனா வேண்டவே வேண்டாம். கவர்களையும் தூக்கிப் போடாதீர்கள். சங்கு போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் தலைக்காக மச்சான் சின்ன வயதில் பாதிக் கவர்களைக் கத்தரித்துவிட்டான். தேதி போட்ட அஞ்சல் முத்திரையும் அதோடு போயிற்று.

2. பூச்சி, துரு. நம் ஊருக்கு இரண்டு மழையும் உண்டு, ஈரம் காகிதத்தை விடாது. நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம். ராமபாணப் பூச்சி ஓடினால் பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. ஒரு நாள் கழித்து, குளிர் முழுக்க விட்ட பிறகு திறக்கலாம். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் காகிதம் கிழியும். அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாகத் தளர்த்துங்கள்.

3. மடிப்பைப் பிரிப்பது. மொடமொடவென்று இருந்த ஒரு கடிதத்தின் மேல் ஈரத்துணி போட்டேன். ஊதா நிறம் பரவி அரைப் பக்கம் அழிந்தது. அது காப்பியிங் பென்சில் எழுத்து, தண்ணீர் பட்டால் மையாகக் கரைந்துவிடும். ஊதா எழுத்தைக் கண்டால் ஈரத்தை அண்டவிடாதீர்கள்.

4. தேதி. இரண்டு மாதம் என்னைச் சுற்றவிட்டது இதுதான். கடிதத் தலைப்பில் ‘௲௱௰௨௵’ என்று இருக்கும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, ௨ இரண்டு, ஆக 1112. பக்கத்தில் உள்ள ௵ வருடத்துக்கு, ௴ மாதத்துக்கு, ௳ நாளுக்கு. இது கொல்லம் ஆண்டு, அதாவது திருவிதாங்கூரில் புழங்கிய மலையாள ஆண்டுக் கணக்கு. 825 கூட்டினால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாவற்றுக்கும் கூட்டிப் பெயரிட்டுவிட்டேன். அத்தை ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, “கோயில் பிரவேச விளம்பரம் வந்து பத்து நாளாச்சுன்னு இதுல இருக்கே, நீ 1937-ன்னு போட்டிருக்கியே?” என்றாள். எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற திருவிதாங்கூர் மன்னரின் அந்த அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12-ல், கொல்லம் 1112 ஐப்பசியில்.

விஷயம் இவ்வளவுதான்: கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை 824 கூட்டுங்கள். அப்புறம் ஆடி முடியும் வரை 825. ஆக 1112 ஐப்பசி என்றால் 1936, அதே 1112-ன் சித்திரை என்றால் 1937. கோப்புப் பெயரில் ஆங்கில வருடத்தோடு கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் தப்புப் பண்ணியிருந்தாலும் பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார்.

5. ஸ்கேன். என் ஓட்டு தட்டை ஸ்கேனருக்குத்தான். போன் செயலிகள் காகிதத்தை வெள்ளையாக்குகிறேன் என்று மங்கிய எழுத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகின்றன. 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), கலர், டிஃப் (TIFF) கோப்பு. வெற்றுப் பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

6. கொடுப்பது. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால், பழைய அரசு ஆவணங்களைத் தேடித் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும். குடும்பக் காகிதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக்காப்பகம், சென்னை ரோஜா முத்தையா நூலகம் என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். பட்டியலை முதலில் அனுப்பி, தனியார் காகிதம் வாங்குவார்களா என்று கேளுங்கள். நன்கொடையா, இரவலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். காகிதம் நம்முடையதாக இருந்தாலும், எழுதியதன் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். ஒரு பாகப்பிரிவினைச் சண்டையைப் பற்றிய பதினொரு கடிதங்களை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. அதில் வருபவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை: லேமினேஷன் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. பாலியெஸ்டர் உறையில் சும்மா செருகி வைத்தால் போதும். கடைகளில் கிடைக்கும் பிவிசி உறை வாங்காதீர்கள், நாளானால் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப்பும் ஆகாது. எங்கள் பெட்டியில் மஞ்சள் பட்டையாகக் கிடக்கும் நான்கு கடிதங்கள் அப்படி ‘ரிப்பேர்’ ஆனவைதான்.