ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு டிரக் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப் டிரக்கின் தொட்டியில் (பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதியில்) ஹிட்ச் என்னும் இணைப்புக் கருவியைப் பொருத்தி, அதில் மாட்டி இழுக்கும் பெரிய தங்கும் வண்டியே ஃபிஃப்த் வீல் டிரெய்லர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதை வாங்க விரும்புவோர் பலர், டிரக்கின் இழுவைத் திறனை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். 17,000 பவுண்டு வரை இழுக்கும் டிரக் 14,000 பவுண்டு டிரெய்லரை இழுத்துவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வகை டிரெய்லரின் முன்பாரம் டிரக்கின் தொட்டியில், பின் அச்சுக்கு மேலே வந்து உட்காருகிறது. எனவே இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்பே சுமைத்திறன் (பேலோடு), அதாவது டிரக் தன் மேல் தாங்கக்கூடிய எடை, தீர்ந்துவிடுகிறது.

பொருள்களை ஏற்றிய டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு வரை கிங்பின் (டிரெய்லரின் முன்பக்க அடியில் ஹிட்ச்சோடு இணையும் முளை) வழியாக டிரக்கின் மேல் இறங்கும். 20 விழுக்காடு என்று கொண்டால், 14,000 பவுண்டு டிரெய்லருக்கு 2,800 பவுண்டு. தொட்டியில் பொருத்திய ஹிட்ச் 150 பவுண்டு, டிரக்கில் அமரும் குடும்பத்தினர் 500 பவுண்டு என்று சேர்த்தால் 3,450 ஆகிறது. டிரக்கின் சுமைத்திறன் 2,400 பவுண்டு என்றால், இழுவைக் கணக்கில் தாராளமாகத் தேறிய அதே வண்டி இங்கே 1,050 பவுண்டு அதிகச் சுமையோடு நெடுஞ்சாலையில் ஓடுகிறது.

அடுத்த தவறு, விற்பனைக் கையேட்டில் அச்சிட்ட ஹிட்ச் எடையை, அதாவது கிங்பின்னில் இறங்கும் எடையை, நம்புவது. அது பெரும்பாலும் டிரெய்லர் காலியாக இருக்கும்போது இறங்கும் எடை. தண்ணீர், துணிமணி, பாத்திரபண்டம் எதுவும் அதில் சேராது. பல ஃபிஃப்த் வீல் டிரெய்லர்களில் படுக்கையறை அலமாரியும் அதன் கீழுள்ள பெரிய சாமான் அறையும் முன்பக்கமே இருப்பதால், அங்கே வைக்கும் பொருளின் பெரும்பங்கு நேரே கிங்பின்னுக்குத்தான் போகும். அதனால் டிரெய்லரின் அதிகபட்ச மொத்த எடையை வைத்தே கணக்கிடுவது நல்லது. விற்பனையாளர் எவ்வளவு உறுதி சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டிரக்கின் சுமைத்திறனையும் கையேட்டில் தேடக் கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எண் இருக்கும். ஒரே மாடலில்கூட டீசல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், கூடுதல் வசதிகள் ஆகியவை ஒவ்வொன்றும் அந்த எண்ணைக் குறைத்துவிடும். பின்னர் பொருத்திய கருவிப்பெட்டி, கூடுதல் எரிபொருள் தொட்டி போன்றவற்றின் எடையை நாமே கழித்துக்கொள்ள வேண்டும். அனுமதித்த மொத்த எடை 10,000 பவுண்டைத் தாண்டும் பெரிய டிரக்குகளில் இந்த ஸ்டிக்கர் இல்லாமலும் இருக்கலாம். அப்போது டிரக்கை எடைபோட்டு, அதை அனுமதித்த மொத்த எடையிலிருந்து கழிக்க வேண்டும்.

டிரக்கின் பின்புறம் தாழ்ந்துவிட்டால் ஏர் பேக் (பின் அச்சில் பொருத்தும் காற்றுப் பை ஸ்பிரிங்) பொருத்திச் சமாளிக்கலாம் என்பது பரவலான, ஆபத்தான நம்பிக்கை. ஏர் பேக் வண்டியை நிமிர்த்தி நிறுத்துமே தவிர அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றின் வரம்பை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சின் வரம்பையும் பின் டயர்களின் தாங்குதிறனையும் தனியே சரிபார்ப்பது அவசியம்.

வாங்கிய பிறகு எடைபோடாமல் விடுவதும் தவறே. லாரி ஓட்டுநர்கள் பயன்படுத்தும் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடைகள் நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்புகளில் பரவலாக உள்ளன. பயணத்துக்கு ஏற்றிய நிலையிலேயே, டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஆகிய மூன்றும் தனித்தனித் தட்டில் நிற்குமாறு ஒருமுறை எடைபோட வேண்டும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடும் அதே எரிபொருளோடும் டிரக்கை மட்டும் எடைபோட வேண்டும். டிரக்கின் இரு அச்சுகளிலும் சேர்த்து முதல் முறை கூடுதலாகத் தெரிந்த எடைதான் உண்மையான கிங்பின் எடை.