சின்னப் பிள்ளைகளோடு கேளிக்கைப் பூங்காவுக்கு: வன்னிக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ கொழும்பு மாவட்டத்தின் ஹன்வெல்லைப் பக்கம் உள்ள லெஷர் வேர்ல்ட் போன்றதொரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்றால், அது ஏறக்குறைய 300 கிலோமீற்றர்ப் பயணம். கொழும்புப் பிள்ளை காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு போய்ச் சேரும் இடத்துக்கு எங்கள் பிள்ளை ஏழெட்டு மணித்தியாலம் வாகனத்தில் இருந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காததால்தான் பல பயணங்கள் பிழையாகிப் போகின்றன. வான் எத்தனை பேருக்குக் காணும், ஆளுக்கு எவ்வளவு விழும், யார் யாருக்கு லீவு கிடைக்கும் என்பவை முதலில் பேசப்படுகின்றன. வீட்டின் மிகச் சிறிய பிள்ளை எத்தனை மணிக்கு நித்திரை கொள்ளும், எவ்வளவு நேரம் வெயில் தாங்கும், எந்த விளையாட்டில் ஏற விடுவார்கள் என்பவை வழியில்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சின்னப் பிள்ளையை முன்வைத்துத் திட்டமிடத் தொடங்கினால், கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும்.

இரவோடிரவாகப் போய்வருதல்

மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஹயேஸ் வானைப் பிடித்து, இரவு ஒன்பது பத்து மணிக்குப் புறப்பட்டு, விடியப் போய்ச் சேர்ந்து, பகல் முழுவதும் விளையாடிவிட்டு அன்றிரவே திரும்புவது எங்கள் பக்கத்தில் ஊன்றிப்போன வழக்கம். தங்கும் செலவு மிச்சம் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். நான் இதைத்தான் எல்லாத் தவறுகளிலும் பாரதூரமானதாகக் கருதுகிறேன். முதல் இரவு முழுவதும் விழித்திருந்த சாரதி, பகலில் வெயிலில் நிற்கும் வானுக்குள் அரைகுறையாகக் கண்ணயர்ந்துவிட்டு, இரண்டாவது இரவும் வாகனம் ஓட்டுகிறார். அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மனித உடல் இயல்பாகவே நித்திரையை நாடும். எவ்வளவு பழகிய சாரதியாக இருந்தாலும் இதற்கு விதிவிலக்கில்லை. ஏ-9 வீதியில் கட்டாக்காலி மாடுகள் இரவில் தாரின் மேலேயே படுத்துக் கிடக்கும் என்பதும், வவுனியாவுக்குத் தெற்கே சில இடங்களில் யானை குறுக்கிடும் என்பதும் நாங்கள் எல்லோரும் அறிந்தவையே.

பிள்ளைகளின் நிலைமையும் அவ்வளவுதான். இருக்கையில் கழுத்து மடிந்தபடி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் விழித்தெழுந்து, பாதி நித்திரையோடு வந்திறங்கும் மூன்று வயதுப் பிள்ளை, நுழைவுச் சீட்டு வாங்கி இரண்டு மணித்தியாலம் ஆவதற்குள் தோளில் சரிந்துவிடும். அந்த வேளையில் "வானுக்குள் படுக்க வைத்துவிட்டு வருவோம்" என்று யாராவது சொன்னால் எக்காரணம் கொண்டும் சம்மதிக்க வேண்டாம். கண்ணாடி பூட்டி வெயிலில் நிற்கும் வாகனத்தின் உட்புறம் சில நிமிடங்களிலேயே கொதிக்கத் தொடங்கும்; சின்னப் பிள்ளையின் உடல் வளர்ந்தவரின் உடலைவிட மிக விரைவாகச் சூடேறும். கண்ணாடியைச் சற்று இறக்கிவிடுவதாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

ஒரு நாளைப் போவதற்கும், ஒரு நாளைப் பூங்காவுக்கும், ஒரு நாளைத் திரும்புவதற்கும் ஒதுக்குங்கள். வெள்ளவத்தையிலோ வத்தளையிலோ உறவினர் இருந்தால் இரவில் அங்கே தங்கலாம்; இல்லையென்றால் ஹன்வெல்லை, அவிசாவளைப் பக்கம் ஓர் அறை எடுக்கலாம். ஒரே குடும்பமாகப் போகிறவர்களுக்குப் புகையிரதம் சிறந்த தெரிவு: பிள்ளை எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, சாரதியின் நித்திரை பற்றிய கவலையும் இல்லை. கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா ஆகிய நிலையங்களில் ஏறலாம். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கத்தவர்கள் முதலில் பஸ்ஸில் மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ வந்து சேர வேண்டும். விடுமுறைக் காலத்தில் முன்பதிவு இருக்கைகள் விரைவில் முடிந்துவிடும் என்பதால், நாள் குறித்தவுடனேயே பதிவு செய்துவிடுவது நல்லது.

வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் ஏறுவது அரிது. அந்தக் கச்சானை ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கையில், அதுவும் ஓடும் வாகனத்தில், கொடுக்க வேண்டாம். கடைவாய்ப் பற்கள் முழுமையாக வராத, மென்று விழுங்கப் பழகாத பிள்ளைக்கு முழுக் கச்சான் பருப்பு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக்கூடிய பொருள். வாகனம் ஒருமுறை குலுங்கினாலே போதும். மிட்டாய்க்கும் முழுத் திராட்சைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எங்கள் வானத்தைப் பார்த்து நாள் குறித்தல்

வன்னியில் மழை என்றால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான். வைகாசியிலும் ஆனியிலும் நிலம் வெடித்துக் கிடக்கும். ஹன்வெல்லை, அவிசாவளை, இன்னொரு நீர்ப் பூங்கா உள்ள பண்டாரகமை ஆகியவை ஈரவலயத்தைச் சேர்ந்தவை. அங்கு மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழைக் காலம். அதிலும் மே, ஜூன் மாதங்களில் களனி கங்கை பெருகி ஹன்வெல்லைப் பகுதி வெள்ளத்தில் மூழ்குவது பல ஆண்டுகளில் நடந்திருக்கிறது. இங்கே வறண்ட வெயிலைப் பார்த்துவிட்டுக் குடையில்லாமல் புறப்பட்ட குடும்பம் அங்கே கொட்டும் மழையில் நிற்பதற்குக் காரணம் இதுதான். இடி மின்னல் என்றால் நீர் விளையாட்டுகளையும் உயரமான சவாரிகளையும் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்துவது சரியானதும்கூட.

பாடசாலை விடுமுறைகளைப் பொறுத்தவரை, ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வழமை. புத்தாண்டுக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஓகஸ்டில் மழை ஓரளவு தணிந்திருக்கும், ஆனால் சனம் நெரியும். டிசெம்பர் விடுமுறையின் பின்பகுதியை எங்கள் ஆட்கள் "மாரிகாலம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மேல் மாகாணத்தில் மழை குறையத் தொடங்கும் காலம் அதுவே. முன்பள்ளிப் பிள்ளை மட்டும் உள்ள குடும்பம் விடுமுறைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பெப்ரவரியில் ஒரு வாரநாளில், போயா தினத்தையும் அதை ஒட்டிவரும் நீண்ட வார இறுதியையும் தவிர்த்துப் போனால், வெயிலும் கிடைக்கும், வரிசையும் குறைந்திருக்கும்.

வயதை மட்டும் பார்த்தல்

"அவனுக்கு அஞ்சு வயசாச்சு, எல்லாத்திலும் ஏறலாம்" என்ற நம்பிக்கையோடு போய், அளவுகோலின் முன்னால் நின்று பிள்ளை விம்மி விம்மி அழும் காட்சியை எந்தப் பூங்காவின் வாசலிலும் காணலாம். சவாரிகளுக்கான அனுமதி பெரும்பாலும் உயரத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. சில இடங்களில் நுழைவுக் கட்டணமும் அவ்வாறே. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவீட்டின்படி, மூன்று வயதில் ஒரு பிள்ளையின் நடுத்தர உயரம் 95 சென்ரிமீற்றர் அளவு, ஐந்து வயதில் 110 அளவு. வேகமான சவாரிகளுக்கு 120 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ கேட்பது உலகின் பல பூங்காக்களில் வழக்கம். ஆகவே வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, செருப்பில்லாமல் அளந்து பாருங்கள். கிளினிக் கொப்பியில் குடும்பநல உத்தியோகத்தர் கடைசியாகக் குறித்த உயரமும் உதவும்.

தடித்த அடியுள்ள சப்பாத்தைப் போட்டு இரண்டு சென்ரிமீற்றரைக் கூட்டிக் காட்ட முயலும் பெற்றோர் இருக்கிறார்கள். மடிக்கு மேல் இறங்கும் தடுப்புக் கம்பி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அவ்வாறு செய்யமாட்டார்கள். இருவருக்கும் பொதுவான ஒரே கம்பி, அருகில் இருக்கும் பருத்த ஆளின் தொடையில் முட்டியவுடன் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் இடையில் பெரிய இடைவெளி எஞ்சும். சவாரி திடீரெனத் திரும்பும்போதோ இறங்கும்போதோ அந்த இடைவெளியால் பிள்ளை வழுகிப் போகலாம். உயர எல்லை இதையெல்லாம் எண்ணியே வகுக்கப்படுகிறது. எந்தெந்த விளையாட்டுகள் தனக்குரியவை என்பதைப் புறப்படும் முன்னரே பிள்ளைக்குச் சொல்லி வைத்தால், வாசலில் ஏமாற்றம் குறையும்.

குளத்தில் பழகிய பிள்ளை என்ற தைரியம்

இரணைமடு வாய்க்காலிலும் ஊர்க் குளத்திலும் குளித்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கு ஒரு தைரியம் உண்டு. செயற்கை அலைத் தடாகம் வேறு விதமானது. இடுப்பளவு நீரில் நிற்கும் பிள்ளையின் கால்களை அலை நிலத்திலிருந்து தூக்கிவிடும். அடுத்த அலை வரும்போது பிள்ளை முன்பு நின்ற இடத்தில் இராது. நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை வீசிக் கூப்பிடுவதுமில்லை. மூச்செடுக்கவே முடியாத நிலையில் அதற்குக் குரல் வராது. எனவே கரையில் கதிரை போட்டு இருந்தபடி பார்த்துக்கொள்வது போதாது. கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நீருக்குள் நிற்க வேண்டும். மூன்று குடும்பங்கள் போனால், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எண்ணி ஒருவருமே பார்க்காமல் விடும் நிலை எளிதில் உண்டாகும். அரை மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்து, அந்த நேரத்தில் அவருடைய கைத்தொலைபேசியை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். காற்றடித்த கைப்பட்டிகள் விளையாட்டுப் பொருட்களே. அவற்றை உயிர்காப்பு அங்கியாக எண்ணக் கூடாது.

நீர்ப் பூங்காக்கள் பலவற்றில் பருத்தி உடையோடு இறங்க விடமாட்டார்கள், ஏனெனில் அதன் நூலிழைகள் நீர் வடிகட்டிகளை அடைத்துவிடும். நைலோன் உடையைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

ஒரே வழியில் எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ணுதல்

கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ சித்தப்பா குடும்பம் ஓகஸ்டில் வந்திருக்கும். அவர்களுக்கு இருப்பது சில நாட்கள். ஆகவே தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல், சொப்பிங், மாமி வீட்டு விருந்து எல்லாம் அதே பயணத்துக்குள் வந்துவிடுகின்றன. அன்பினால் சேர்க்கப்படுபவைதான், மறுக்கவும் சங்கடம். ஆயினும் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். பூங்காவுக்குள்ளேயும் இதே ஒழுங்குதான்: காலையில் வாசல் திறந்தவுடன் சின்னவரின் விளையாட்டுகள், பன்னிரண்டு மணிக்குள் சாப்பாடு, உச்சி வெயிலில் நிழலில் ஒரு நித்திரை, பின்னேரம் பெரிய பிள்ளைகளின் சவாரிகள். பெரியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தால், ஒருவருக்காக மற்றவர் காத்திருந்து வாடத் தேவையில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேங்காய்ச் சம்பலும் சொதியும் இடியப்பத்தோடு கட்டிக்கொண்டு போனால் மதியத்துக்குள் பழுதாகிவிடும். பாண், வாழைப்பழம், பிஸ்கட் வழிக்குப் போதும். வயிற்றோட்டம் கண்டால் நீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி உப்புக் கரைசல் பைக்கற்றுகள் கைப்பையில் இருக்கட்டும். ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். அரைப் போத்தலில் கரைத்தால் உப்பு கூடி, பிள்ளைக்குக் கெடுதலாகும்.

மொழியும் முதியவர்களும்

பூங்காவில் அறிவிப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில் ஒலிக்கும். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை கூட்டத்தில் தவறினால், தன் நிலையைச் சொல்லத் தெரியாமல் திகைத்து நிற்கும். காலையில் உடுப்பு மாற்றியவுடன் பிள்ளையை ஒரு படம் எடுத்து வையுங்கள். தேடும்போது சட்டையின் நிறத்தை விவரிக்க மொழி தேவைப்படாது. தண்ணீர் பட்டாலும் அழியாத பேனாவால் உங்கள் தொலைபேசி இலக்கத்தை அதன் முன்கையில் எழுதிவிடுங்கள். தவறிவிட்டால் நடக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், சீருடை அணிந்தவரிடம் கையைக் காட்டவும் பழக்குங்கள். அவசர அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தை எல்லாப் பெரியவர்களும் தம் தொலைபேசியில் பதிந்திருக்க வேண்டும்; அச்சேவை இலவசமானது.

அம்மம்மாவையோ அப்பப்பாவையோ அழைத்துச் செல்வோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். போரைக் கடந்து வந்த எங்கள் முதியவர்களில் உடம்பில் எறிகணைச் சிதறலோடு வாழ்பவர்களும், செயற்கைக் கால் பொருத்தியவர்களும், திடீர் வெடிச்சத்தத்துக்கு நெஞ்சு பதறுபவர்களும் உண்டு. "சும்மா ஏறுங்கோ அம்மம்மா" என்று வற்புறுத்துவது விளையாட்டல்ல. அவர்களுக்கு நிழலுள்ள, ஒலிபெருக்கியிலிருந்து தள்ளியுள்ள ஓரிடத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

சின்னப் பிள்ளைக்குத் தூரம் தேவையா?

வீட்டின் எல்லாப் பிள்ளைகளும் நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால், ஹன்வெல்லைப் பயணத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடுவதே என் ஆலோசனை. அந்த வயதில் அவர்கள் ஏறக்கூடியவை சின்ன ராட்டினமும் ஆழமற்ற நீர்த் தொட்டியும் போன்ற சிலவே. கிளிநொச்சி மாவட்டத்திலேயே, இயக்கச்சியில், றீச்சா பண்ணை இருக்கிறது. காலையில் போய் விலங்குகளைப் பார்த்து, விளையாடி, மத்தியான நித்திரைக்கு வீடு திரும்பிவிடலாம்.

தூரப் பயணம்தான் என்று முடிவெடுத்தவர்கள், புறப்படுவதற்கு முந்திய கிழமை பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்து ஐந்து விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அன்று திறந்திருக்குமா, திருத்தவேலைக்காக நிறுத்தப்பட்ட சவாரிகள் எவை, பிள்ளைக் கட்டணம் வயதுக்கா உயரத்துக்கா, வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா, நீருக்குள் எந்த உடை அணிய வேண்டும். சிங்களம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும் வேளையில் அழைத்தால் விடைகள் தெளிவாகக் கிடைக்கும்.