பையன்களைத் திருத்தப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கோவில் மண்டபத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு தம்பிகள், "சாட்ஸ்வர்த்தில் கெட்டுப்போன பசங்களை எல்லாம் சனிக்கிழமை ஒன்றாக உட்கார வைத்துப் பேசலாமே அண்ணே" என்றார்கள். (சாட்ஸ்வர்த் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் உள்ள பகுதி.) எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வேலையைச் செய்து கெடுத்தவன் நான்தான். அடிக்காதே, ஊரைக் கூட்டித் திட்டாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

போதையை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது

சுகர்ஸ் என்ற போதைப்பொருளைப் பிடிக்கிறவன் பித்தளைக் குழாயைக் கழற்றி விற்பது காசுக்குத்தான். ஹெராயின் கலந்த சரக்கு அது, நிறுத்திய சில மணி நேரத்தில் உடம்பு முறுக்க ஆரம்பித்துவிடும், அப்போது அவனுக்குக் குழாயும் ஒன்றுதான் அம்மாவின் தாலியும் ஒன்றுதான். சரி. ஆனால் எட்டு வயதிலேயே பொய், அடிதடி, பள்ளிக்கு மட்டம் என்று இருந்தவனுக்குப் போதை பிறகு வந்து சேர்ந்தது. பதினாலு வயதில் கூட்டத்தோடு ஆரம்பித்தவன் வேறு ரகம், பெரும்பாலும் வளர வளர விட்டுவிடுவான். உளவியல் ஆய்வாளர் டெரி மொஃபிட் 1993லேயே இந்த இரண்டையும் பிரித்து எழுதினார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எது முன்னால் வந்தது?

எல்லாரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. என்னிடம் வந்தது எட்டுப் பேர். ஆறு பேருக்குக் கஞ்சாவைத் தவிர வேறு தெரியாது. இரண்டாவது வாரம் ஒருவன், பக்கத்து வீட்டுச் சுவர் ஏறிச் செம்புக் கம்பி உருவிய கதையைச் சொன்னான், நாய் துரத்தியதை நடித்தும் காட்டினான், வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். மனம் திறக்கிறார்கள் என்று நோட்டில் வேறு எழுதி வைத்தேன், மடையன். அடுத்த வாரம் இன்னொருவன் அதைவிடப் பெரிய கதையோடு வந்தான். இரண்டு மாதத்தில் அந்த ஆறு பேரில் மூன்று பேர் சுகர்ஸ் வாங்குமிடம் தெரிந்துகொண்டார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அறிமுகம் செய்து வைத்தது யார்?

அந்தச் சிரிப்புதான் விஷயம். டிஷியன், மக்கார்ட், பூலின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999இல் எழுதியது இதைத்தான்: தப்பைப் பற்றிய பேச்சுக்குக் கூட்டாளி சிரித்தால் அதுவே பரிசு, அடுத்த தப்புக்கு அதுவே தூண்டுதல். அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்ட பையன்கள்தான் பிற்காலத்தில் அதிகம் கெட்டார்கள். இதெல்லாம் நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

இப்போது ஒருவனைத் தனியாகக் கூப்பிடுகிறேன். காவடி கட்டும் பெரியவர்களோடு ஒருவன், கால்பந்துக் கூட்டத்தில் ஒருவன், அங்கே மற்றவர்கள் எல்லாம் சாதாரணப் பையன்கள். மெதுவாகத்தான் நகரும், போட்டோ எடுத்துப் போட ஒன்றும் இருக்காது.

சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்துவது

வேண்டாம். போய்வந்தவர்கள் அதிகமாகத்தான் தப்பு செய்தார்கள் என்று ஆய்வுகளே சொல்கின்றன.

அறையில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது

பத்து நாள் சுத்தமாக இருந்தவன் வெளியே போய்ப் பழைய அளவையே எடுப்பான். உடம்பு அதைத் தாங்காது, மூச்சு நின்றுவிடும். பூட்டுவதற்கு முன் கிளினிக்கில் கேளுங்கள்.

திருடிய குழாயைப் பற்றிப் பேசாமல் விடுவது

பேசுங்கள். புதுக் குழாயை அவனே மாட்டட்டும்.