தன் காலில் நிற்கும் குடும்பம்: வேலூர் வட்டாரச் சிறு தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் என்று இந்தப் பக்கத்தில் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்ய முன்வருகிற சிறு அமைப்புகள் பெரும்பாலும் தையல் இயந்திரம் வழங்குவதிலோ, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் கொடுப்பதிலோ தொடங்குகின்றன. இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒரு குடும்பம் அடுத்தவர் கையை எதிர்பாராமல் வாழ வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், அந்தக் குடும்பத்தின் கடனிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதிய வருமானம் ஒன்றை உண்டாக்க ஓராண்டு ஆகலாம். வட்டியாக வெளியே போகிற பணத்தைச் சில மாதங்களிலேயே குறைக்கத் தொடங்கிவிட முடியும். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் புது வருமானம் வந்தாலும் அது வட்டிக்காரரிடம்தான் போய்ச் சேரும்.

இடமும் அளவும்

ஒரு மாவட்டம் முழுவதையும் கையில் எடுக்காதீர்கள். ஒரு ஊராட்சியில் இரண்டு மூன்று தெருக்கள், முப்பது குடும்பங்கள் என்ற அளவு முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும். இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர், ஏன் தெருவுக்குத் தெருகூடப் பிழைப்பு மாறுகிறது. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓடுகிறது, அதற்குப் பக்கத்திலேயே பீடி சுற்றுகிறார்கள், தீப்பெட்டி வேலைக்கும் போகிறார்கள். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தோல், காலணி வேலை. வேலூர் நகரில் மருத்துவமனைகளையும் விடுதிகளையும் நம்பிய துப்புரவு, சமையல் வேலை. அணைக்கட்டுப் பக்கம் மலைக் கிராமங்களில் மானாவாரி விவசாயமும் வெளியூர்க் கூலியும். பீடிக் குடும்பத்துக்குப் பொருந்தும் திட்டம் செங்கல் சூளைக் குடும்பத்துக்குப் பொருந்தாது என்பதால், குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி நன்றாகக் கற்றுக்கொள்வதே நல்லது.

அலுவலகம் எது என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இப்போது திருப்பத்தூரில் இருக்கிறது. அவர்களுடைய பழைய சான்றிதழ்களிலோ வேலூர் மாவட்டம் என்றே அச்சாகியிருக்கும். விண்ணப்பத்தில் இந்த முரண்பாடு இருந்தால் அலைச்சல் கூடும்.

பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறக்கட்டளை என்றால் ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது ஏழு உறுப்பினர்களோடு மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். நான் சங்கத்தையே பரிந்துரைப்பேன். ஆண்டுதோறும் பொதுக்குழு கூடிக் கணக்கை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால், அந்தத் தெருப் பெண்களையே உறுப்பினர்களாகச் சேர்த்து, அவர்கள் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுவனத்தை வைக்க முடியும். வருமான வரித் துறையில் நிறுவனத்துக்கும் நன்கொடையாளருக்கும் வரிச் சலுகை தரும் பதிவுகளை (12ஏ, 80ஜி என்று அறியப்படுபவை) அடுத்தபடியாகப் பெறலாம். வெளிநாட்டு நிதியைப் பற்றி முதல் மூன்று ஆண்டுகள் நினைக்கவே வேண்டாம்.

வீட்டுக்குள் கேட்க வேண்டியவை

வார்டு உறுப்பினர் தரும் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கூட்டத்துக்கு வராத வீடுகள்தான் மிகவும் நலிந்த வீடுகளாக இருக்கும்: கணவரை இழந்து வயதான மாமியாரோடு இருப்பவர், மாற்றுத்திறனாளிப் பிள்ளையை விட்டு வெளியே வர முடியாதவர், பாதி ஆண்டு சூளையிலேயே தங்கிவிடுகிற இருளர் குடும்பம். அவர்களைத் தேடிப் போக வேண்டும். பீடி சுற்றும் பெண்கள் சுற்றிய பீடியைக் கொடுத்து இலையும் தூளும் வாங்கி வரப் போகும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள். எந்த நேரம் தோதானது என்று முன்பே கேட்டுக்கொண்டு செல்லுங்கள். மடியில் முறத்தை வைத்து இலை வெட்டிக்கொண்டே அவர்கள் பேசுவார்கள். வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள்; ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியில் உங்களோடு பேசுகிற ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குப் பணம்.

“உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்டால், முன்பு வந்த நிறுவனம் கொடுத்ததையே கேட்பார்கள். “அக்கா, போன வருஷத்துல எந்த மாசம் கையில காசே இல்லாம போச்சு? அப்ப யார்கிட்ட வாங்குனீங்க?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் குடும்பத்தின் ஆண்டு முழுவதும் வெளியே வரும். ஜூன் மாதம் பள்ளிச் செலவு, ஆடியில் திருவிழா, ஐப்பசி கார்த்திகை மழையில் சூளையும் கட்டட வேலையும் நின்றுபோவது, தீபாவளி, நடுவில் ஒரு காய்ச்சல் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதங்களுக்கும் வரவு, செலவு, வாங்கிய கடன் என்று மூன்று கட்டங்கள் போட்டு நிரப்புங்கள். நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். உங்களுக்கு வேண்டுமானால் படி எடுத்துக்கொள்ளலாம்.

கடனைப் பிரித்துப் பார்த்தல்

எல்லாக் கடனும் ஒன்றல்ல. ஒரே வீட்டில் நகைக்கடன், வாரத் தவணை கட்டும் நுண்கடன், தெருவில் வட்டிக்கு வாங்கியது, வேலை கொடுப்பவரிடம் வாங்கிய முன்பணம் என்று நான்கு வகையும் இருக்கலாம். அசல் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, எது எழுத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதி, வட்டி அதிகமானதை மேலே வையுங்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கிய ஒருவர் மாதம் 1,000 ரூபாய் வட்டி கட்டுகிறார். ஓராண்டில் 12,000 ரூபாய் போன பிறகும் அசல் அப்படியே நிற்கிறது. அதே 20,000 ரூபாயைச் சுய உதவிக் குழுவில் நூற்றுக்கு ஒரு வட்டிக்குக் கடனாக எடுத்து அந்த வட்டிக்காரரின் கடனை அடைத்துவிட்டு, முன்பு வட்டிக்குக் கட்டிய அதே 1,000 ரூபாயை மாதந்தோறும் குழுவுக்குக் கட்டினால், குறைகிற அசலுக்கு வட்டி என்ற கணக்கில் 23 மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். குடும்பம் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டினால், படிக்காதவர்களுக்கும் உடனே விளங்கும்.

நுண்கடன் வாங்கியவர்களிடம் தவணை அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒருவருடைய பெயரில் எத்தனை கடன் இருக்கிறது என்பதைக் கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக்கு ஒரு முறை கட்டணமின்றி அறிந்துகொள்ளலாம். அவருடைய செல்பேசியிலேயே, அவர் சம்மதத்தோடு எடுத்துக் காட்டுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்காகத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த கடன் அப்போதுதான் பேச்சுக்கு வரும்.

மிரட்டி வசூலிக்கும் கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுப்பதா, பேசித் தீர்ப்பதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும்; நாளை அதே தெருவில் வாழப்போகிறவர்கள் அவர்கள். முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போக விடாமல் சூளையிலோ அரிசி ஆலையிலோ மரம் வெட்டும் இடத்திலோ ஒரு குடும்பத்தைத் தடுத்து வைத்திருந்தால், அதைக் கடன் தகராறு என்று எண்ணிவிடக் கூடாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976-இன்படி அந்தக் கடனே செல்லாது. நீங்கள் தனியாகப் போய்ப் பேசாமல், வருவாய்க் கோட்டாட்சியரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர் விசாரித்து வழங்கும் விடுவிப்புச் சான்றிதழ் இருந்தால்தான் மறுவாழ்வு உதவிகளைப் பெற முடியும்.

நிறுவனம் தானே வட்டிக்குக் கடன் கொடுக்கும் வேலையில் மட்டும் இறங்கக் கூடாது. வசூலிக்க வருபவராகவும் துணை நிற்பவராகவும் ஒரே ஆள் இருக்க முடியாது.

குழுவும் வங்கியும்

12 முதல் 20 பெண்கள் சேர்ந்த குழுதான் இதற்கு வழி. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்தே உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடன், தவறாத தவணை, சரியான கணக்கு என்ற ஐந்தையும் ஆறு மாதம் தொடர்ந்து கடைப்பிடித்தால் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 10 இலட்சம் ரூபாய் வரை குழுக் கடனுக்கு வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மகளிர் திட்ட அலுவலகத்தில் குழுவைப் பதிவு செய்து, ஊராட்சி அளவிலான கூட்டமைப்போடு இணைத்துவிடுங்கள். கணக்கை உங்கள் ஊழியர் எழுதாமல் குழுவிலேயே பத்தாவது படித்த ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்து எழுதச் செய்யுங்கள். நலிந்த உறுப்பினர்களுக்குச் சேமிப்புத் தொகை பாரமாக இருக்குமானால், எல்லோருக்கும் குறைந்த தொகையை வைப்பதே நியாயம்.

சான்றிதழும் உரிமையும்

குடும்பத்துக்குச் சேர வேண்டிய அரசு உதவிகள் பெரும்பாலும் ஒரு காகிதத்தால்தான் தடைபட்டு நிற்கின்றன. ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் வேறொரு பெயர் என்றிருக்கும் பீடித் தொழிலாளிக்கு, பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த பணமே கைக்கு வராமல் போகலாம். எனவே முதல் மூன்று மாதங்களில் எல்லாப் பெயர்களையும் ஒன்றாக்கும் வேலையை முடியுங்கள். இருளர் குடும்பங்களுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் முக்கியம். அதை வட்டாட்சியர் வழங்க முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். இதில் பொறுமையாகக் கூடவே போகிற ஓர் ஊழியர் இருந்தால், அந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் படிப்பே காப்பாற்றப்படும்.

நோயும் கடனும் சேர்ந்தே வருகின்றன. இதற்கு முன்னோடியாக, வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ஊரக நலவாழ்வு, சமூகப் பணிப் பிரிவான ருஷா மையத்தைச் சொல்லலாம். 1977-இல் தொடங்கிய அந்த மையம் கே.வி.குப்பத்தில் மருத்துவத்தோடு வாழ்வாதாரப் பணிகளையும் சேர்த்தே செய்து வந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்றுக் குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலக மையத்துக்குச் சென்றால் பதிவு செய்யலாம். நோய் வந்த பிறகு இதற்கு ஓடுவது மிகக் கடினம். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு, மகளிர் உரிமைத் தொகை, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் ஆகியவற்றையும் நோட்டில் எழுதி, தகுதியும் நிலையும் குறித்து வாருங்கள்.

தொழில் என்பது கடைசியில்

கடன் இறங்கி, சேமிப்புப் பழகிய பிறகே புதுத் தொழிலைப் பேசுங்கள். பயிற்சி கொடுப்பதற்கு முன், யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு, எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். ஒரே தெருவில் பதினைந்து பேருக்குத் தையல் கற்றுக்கொடுத்தால் அத்தனை பேரிடமும் ரவிக்கை தைக்கக் கொடுக்க அந்தத் தெருவில் ஆள் இருக்காது. காலணியின் மேல்பகுதியை வீட்டில் தைத்துக் கொடுப்பவர்கள் ஏற்கெனவே இருந்தால், புதுத் தொழில் தேடுவதைவிட, அவர்கள் சேர்ந்து நின்று ஜோடிக்கான கூலியையும் பணம் தரும் நாளையும் பேசி முடிக்க உதவுவது அதிகப் பயன் தரும். வங்கிகள் நடத்தும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையங்களில் பயிற்சியும் உணவும் தங்குமிடமும் இலவசம். நீங்கள் தனியாகப் பயிற்சிக் கூடம் கட்ட வேண்டியதில்லை.

கறவை மாடு பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆவின் கூட்டுறவுச் சங்கத்தில் பாலின் கொழுப்பையும் இதர சத்துகளையும் அளந்துதான் விலை போடுகிறார்கள். தீவனம் குறைந்தால் விலையும் குறையும். கன்று ஈனுவதற்கு முன் ஏறக்குறைய இரண்டு மாதம் பால் கறக்காமல் விட வேண்டும். ஒரே மாடு வைத்திருக்கும் குடும்பம் அந்த இரண்டு மாதத்திலும் கடன் தவணை கட்டியாக வேண்டும் என்பதை மறந்து திட்டம் போட்டால், அது வட்டிக்காரரிடமே கொண்டுபோய் விடும். நான்கைந்து மாத இடைவெளியில் கன்று ஈனும் இரண்டு மாடுகள், அல்லது மாட்டோடு வேறொரு வருமானம் இருக்கும் வீட்டையே இதற்குத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது விலகலாம்

நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வட்டியுள்ள கடன் எதுவும் இல்லை, ஒரு மாதச் செலவுக்கான பணம் சேமிப்பில் இருக்கிறது, காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரும் படிக்கிறார்கள் என்ற நான்கும் ஓராண்டு நிலைத்திருந்தால், அந்த வீட்டுக்கு வாராவாரம் போவதை நிறுத்திக்கொள்ளலாம். நன்கொடையாளர் அறிக்கைக்காக இந்தத் தேதியை முன்கூட்டியே அறிவிக்கக் கூடாது. குடும்பமும் நோட்டைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, பள்ளி திறந்ததும் ஒரு முறை போய்ப் பாருங்கள். புதிதாக வட்டிக் கடன் வந்திருந்தால் காரணத்தைக் கேட்டு, குழுவில் உடனடி உள்கடனுக்கு ஏற்பாடு செய்து, மீண்டும் ஆறு மாதம் அந்தக் குடும்பத்தை உங்கள் முப்பதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.