வீணைக் கச்சேரிக்கு லூப்பரும் டிலேயும்

தஞ்சாவூர் வீணையில் ஒட்டிய பியசோ பிக்கப்பை (அதிர்வை மின் சிக்னலாக்கும் சிறு வில்லை) நேராக மிக்சரில் செருகினால் அடிநாதம் போய்த் தகரச் சத்தம்தான் மிஞ்சும். 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்மறுப்பு உள்ள பிரீஆம்ப் (முன்பெருக்கி) முதலில் வேண்டும். அதிலிருந்து டிலே (எதிரொலி தரும் பெடல்), லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும், காலால் அழுத்தும் பெடல்), டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி), மிக்சர் என்ற வரிசை. டிலேக்குப் பிறகு லூப்பர் இருந்தால்தான், ஓடும் லூப் கெடாமல் டிலேயை மாற்ற முடியும்.

டிலே நேரத்துக்கு 60,000-ஐ நிமிடத்துக்கான தட்டு எண்ணிக்கையால் வகுக்கவும். 80 தட்டு என்றால் 750 மில்லி செகண்ட். ஆதி தாள ஆவர்த்தனம், அதாவது எட்டுத் தட்டுச் சுற்று, 6 செகண்ட். ரிப்பீட் (எதிரொலி எண்ணிக்கை) இரண்டு போதும், மிக்ஸ் (எதிரொலியின் அளவு) கால் பங்குக்குள். கூட்டினால் தோடி ராகத்தின் காந்தார கமகம் (ஸ்வரத்தின் அசைவு) கலங்கிவிடும். தாளமில்லாத ஆலாபனையில் டிலேயே வேண்டாம்.

லூப்பைச் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டில்) தொடங்கி அடுத்த சமத்திலேயே மூட வேண்டும். சற்று முன்னால் அழுத்தினால் சுற்றுக்குச் சுற்று தாளம் முந்தும். சம்மணமிட்டு வாசிப்பவருக்குக் கால் உதவாது. பின்னால் தாளம் போடும் சிஷ்யர் கையால் அழுத்தட்டும். மிஸ்ர சாபுக்கு 4/4 குவான்டைஸை (லூப் நீளத்தை நான்கு தட்டுக் கணக்குக்குத் தானே பொருத்தும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 7 எண்ணிக்கை 8-க்கு இழுபடும்.

திருவிழா மேடையில் ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் உறுமலைக் கொண்டுவரும். பெடலுக்குப் பெடல் தனித்தனியாகப் பிரித்த (ஐசொலேட்டட்) மின் சப்ளை கொடுங்கள். பிறகும் உறுமினால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். மின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றவே கூடாது, உயிருக்கு ஆபத்து. மிருதங்க வித்வானின் மானிட்டரில் (அவர் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்) லூப் தெளிவாகக் கேட்க வேண்டும்.